மேசை உயரம்

இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லித்தான்
விற்றான் உர்போ.
ஊலு நகரில் மூடிய வானொலி நிலையமொன்றின்
கலவைப் பலகையிலிருந்து கழற்றிய
இரண்டு மைக் டிரான்ஸ்பார்மர்கள்.
சுண்டுவிரல் நீளம். சாம்பல் நிறக் குப்பி.
பெயரில்லை, எண்ணில்லை,
நான்கு கம்பிகளில் இரண்டு சிவப்பு.

அறுபது யூரோ கேட்டான்.
நாற்பதைக் கொடுத்து
மிச்சம் வெள்ளிக்கிழமை என்றாள் ஹில்க்கா.

காகித ஆலையில் அவளுக்கு இரவு வேலை.
பகலில் திரையை இழுத்துவிட்டு
பிஸ்கட் டப்பாவுக்குள் ப்ரீஆம்ப் கட்டுகிறாள்.
சமையலறை முழுக்க
ஈயப் புகை, காப்பி ஆவி,
நேற்று வாட்டிய மீன்.

ஓம் மீட்டரால் இவற்றைத் தொடக் கூடாது.
அந்தச் சின்ன பேட்டரி போதும்,
உள்ளிருக்கும் இரும்பில் காந்தம் ஏறிவிடும்,
பிறகு யார் பேசினாலும் அதுவும் கூடப் பேசும்.
ஒரு பக்கம் ஒரு வோல்ட் ஒலியலை விட்டாள்.
மறுபக்கம் பத்தில் ஒன்று வந்தது.
சரி,
ஒன்றுக்குப் பத்து.

ஜாடிக்கேற்ற மூடி
ஊறுகாய்க்குச் சரி.
இங்கே சமத்துக்குச் சமம் பொருத்தினால்
பாதி வோல்ட் வழியிலேயே போய்விடும்.
மைக் இருநூறு ஓம்.
டிரான்ஸ்பார்மர் அதை நூறால் பெருக்கி
இருபதாயிரமாக்கி நிறுத்தும்.
கேட்கிற பக்கம் அதைப்போலப் பத்து மடங்கு
அசையாமல் இருக்க வேண்டும்:
இரண்டு லட்சம்.
அப்போதுதான் பேசுகிற பக்கம்
இளைக்காமல் பேசும்.

இதை என் கல்யாணத்தன்று
யாராவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள்.
தடையை வளைத்துப் பற்றவைத்தாள்.

வியாழக்கிழமை.
அடுக்ககத்துச் சானா சூடேறும் நாள்.
சுவருக்குள் ஐம்பது ஹெர்ட்ஸ் முனகல்
டப்பாவுக்குள்ளும் நுழைந்தது.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
இடது குப்பியை விரல்நுனியால் திருப்பினாள்.
கூடியது. குறைந்தது. கூடியது.
ஒரு கோணத்தில்
இம்மென்ற சத்தம் இல்லை.
பார்த்தால் கோணல். அப்படியே பசை வைத்தாள்.

வலது குப்பியும் அடங்கியது.
ஆனால்
நாற்பது ஹெர்ட்ஸில்
இடதின் பாதிகூட எழவில்லை,
அடிவயிறு இல்லாத குரல்போல.

போன் செய்தாள்.
கீழே போட்டாயா?
அந்தப் பக்கம்
கரண்டியைக் கிண்ணத்தில் வைக்கும் ஓசை.
இல்லையே, என்றான்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி,
வெளியே இருட்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.
இருபது யூரோவுக்காக வந்தவனை
ரிப்பன் மைக்குக்கு முன்னால் உட்காரவைத்தாள்.
ஆலைப் பாடகர் குழுவில் அவன்தான்
கடைசி வரிசை, கனத்த தொண்டை.
ஒன்று, இரண்டு, என்றான்.
எண் வேண்டாம், ஏதாவது வாக்கியம், என்றாள்
திரும்பிப் பார்க்காமல்.

ஜாக்கெட்டின் ஜிப்பை
இறக்கி, ஏற்றி,
பிறகு சொன்னான்:
செவ்வாய்க்கிழமை நாய் கம்பியை இழுத்துவிட்டது.
மேசை உயரம்தான்.

இது இடது, என்றாள் ஹில்க்கா.
கேபிளை மாற்றினாள்.
அதையே மறுபடி சொல்.

இம்முறை நெடுநேரம் பேசவில்லை.
ப்ரீஆம்பின் சீற்றம் எவ்வளவு தாழ்வு என்று
அந்த நேரத்தில் அளந்துகொண்டாள்.
செவ்வாய்க்கிழமை, என்றான்.
மேசை உயரம்.
நாய் இல்லை. என் கைதான்.

இரண்டையும் போட்டுக் காட்டினாள்.
இடதில் ஐம்பத்தெட்டு வயதும்
தொப்பையும் புகையிலையும்
அப்படியே இருந்தன.
வலதில் கனம் உதிர்ந்து
மெலிந்த ஒருவன்,
ராணுவப் பயிற்சிக்குப் போகும் வயது,
காது சிவந்திருக்கும் என்று தோன்றியது.

யார் இது, என்றான் உர்போ.
மறுபடி போடு, என்றான்.

இருபது யூரோத் தாள் மேசையில் கிடந்தது.
அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு
மூன்றாம் முறை கேட்டான்.

அவன் போன பிறகு
டப்பாவின் முகப்பில் நாடா ஒட்டி எழுதினாள்,
இடது: எல்லோருக்கும்.
வலது: தடித்த குரல்களுக்கு மட்டும்.
தாளில் காப்பி வட்டம் இன்னும் ஈரமாக இருந்தது.
துணிக்கொடியில் மாட்டினாள்.
பஸ்ஸுக்கு ஏழு நிமிடம்.